மாடு முன்னாலயா, வேலி முன்னாலயா

ஜூன் 4

மருமகப் பொண்ணுக்கு,

மாமன் எழுதுறது. நீ அனுப்பின பென் டிரைவ் வந்து சேந்துச்சு. அட்டைப்பெட்டி சைஸப் பாத்துட்டு உன் அத்தை புது மிக்சினு நினைச்சுட்டா. காகிதத்துக்குள்ள காகிதம், அதுக்குள்ள காகிதம், கடைசியில சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி. அவ மூஞ்சிய நீ பாக்கணுமே. நான் சிரிச்சேன். அதனால மத்தியானச் சாப்பாடு சாயங்காலம் வந்துச்சு.

உன் புருஷன் குடுத்துட்டுப் போன பழைய கம்ப்யூட்டர்ல குச்சியச் சொருகினேன். அது முழிச்சு எந்திரிக்கறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சேன். போன்ல சொன்னா நீ ஒண்ணு சொல்ல எனக்கு ஒண்ணு கேக்குதுனு எழுதியே அனுப்பச் சொல்லிட்ட. அதுலயும் மூணே கேள்விக்குப் பதில் போதும்ன. இந்தா.

என்ன செஞ்சீங்க? நாற்காலில உக்காந்தேன்.
என்ன எதிர்பார்த்தீங்க? டீ.
என்ன பாத்தீங்க? மாடு.

மாடு லட்சணமாத்தான் இருக்கு. புல்லு பச்சை, வானம் நீலம், பின்னால ஒரு மரவேலி. ஆனா மாட்டுக்கு அஞ்சு கால் இருக்கு தாயி. நீ மாட்டப் பால் பாக்கெட்டு மேலதான் பாத்திருப்ப, உன்னச் சொல்லிக் குத்தமில்ல.

இன்னொண்ணு. உங்கப்பாவுக்கும் ஒரு குச்சி போயிருக்காமே. உன் புருஷன் வாய்தவறிச் சொல்லிட்டான். பஸ் ஓட்டி ஓட்டி ரோட்டப் பாத்த கண்ணு என்னுது. பேங்க்ல மேனேஜர் நாற்காலியத் தேய்ச்ச ஆளு அவர். யார் சொல்ல நம்பணும்னு உனக்கே தெரியும். கல்யாண போட்டோவுல அவர் பண்ணின வேலைய நான் மறக்கல. பொண்ணு மாப்பிள்ளைக்குப் பக்கத்துல நில்லுங்கனா அரை அடி முன்னால வந்து நின்னாரு. நான் விடுவனா, ஒரு அடி வந்தேன். அவர் ஒன்றரை. இப்படியே போயி போட்டோக்காரன் மூக்குல இடிச்சோம். படத்துல எங்க ரெண்டு மண்டைதான் இருக்கு, உங்க ரெண்டு பேரையும் காணோம். அன்னைக்கு நின்ன பேச்சு. ஆரம்பிச்சது அவர்தான்.

இப்படிக்கு,
உன் மாமன்


ஜூன் 11

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஐந்தாவது காலைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த மாட்டின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன முக்கோணங்களால் ஆனது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னோடு வேலை செய்கிற தோழியும் உட்கார்ந்து பார்த்தாள். நான்கு கால்தான் மாமா. உங்கள் மகனிடம் கேட்டேன். "எங்கப்பாவா சொன்னாரு? அப்ப அது மாடே இல்லாமக்கூட இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

விளையாட்டு வேண்டாம் மாமா. நான் செய்வது மாட்டுப் படம் இல்லை. படம் வரைகிற சாமான் பெட்டி. கோடு போட, நிறம் பூச, எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் மறைகிறது என்று கணக்குப் பார்க்க, எல்லாம் அதில் இருக்கும். கிராபிக்ஸ் லைப்ரரி என்பார்கள். மற்றவர்கள் அதை எடுத்துப் பாடம் செய்வார்கள், விளையாட்டு செய்வார்கள். மாடு சும்மா சோதனைக்கு.

ஜூலை கடைசியில் பள்ளிக்கூடங்களின் குழு வந்து பார்க்கப்போகிறது. அவர்களிடம் இருப்பதெல்லாம் பழைய கம்ப்யூட்டர். அதில் ஒழுங்காக ஓடினால் அத்தனை பிள்ளைகளும் எங்கள் பெட்டியை வைத்துத்தான் படம் போடுவார்கள். ஓடாவிட்டால் நானும் தோழியும் இத்தனை வருஷம் செய்ததை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டும். ஆபீஸில் இருப்பதெல்லாம் புதுசு, அதில் எந்தக் கோளாறும் தெரியாது. பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கியது எதற்கும் உயிர் இல்லை. உயிரோடு இருப்பது உங்களிடமும் அப்பாவிடமும் மட்டும்தான்.

அப்பா எழுதிவிட்டார்: "எல்லாம் சரி. மிக அருமை." நீங்களும் ஒருமுறை நிஜமாகப் பார்த்துச் சொல்லுங்கள். அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் மாடு திரும்பும். கூட்டல் போட்ட பொத்தான் கிட்டே கொண்டுவரும், கழித்தல் தள்ளி வைக்கும்.

அன்புடன்,
மருமகள்


ஜூன் 17

தாயி,

அஞ்சாவது கால்னு சொன்னது வாலு. கண்ணாடி போடாம பாத்துட்டேன்னு எழுதலாம்னு இருந்தேன். "பொய்க்கு மேல பொய்யா"ங்குறா உன் அத்தை. சரி, சும்மாதான் சீண்டினேன். நீ நிஜமாவே உக்காந்து எண்ணுவேனு நான் கண்டனா. உன் தோழிகிட்டயும் சொல்லிடு, பாவம்.

ஆனா இப்ப சொல்றது நிஜம். கண்ணாடியத் துடைச்சு மாட்டிக்கிட்டுப் பாத்தது.

வேலி மாட்டுக்குப் பின்னாலதான நிக்கணும்? இங்க மாட்டு வயித்து மேல வேலிப் பலகை தெரியுது. கண்ண மூடித் திறந்தா காணோம். மறுபடி தெரியுது. பட்டை பட்டையா மினுக்குது. மாடு நான்தான் முன்னாலங்குது, வேலி நான்தான் முன்னாலங்குது. பஸ்ல ஒரே சீட்டுல துண்டப் போட்ட ரெண்டு பேர் அடிச்சுக்கிற மாதிரி இருக்கு. மாட்டத் திருப்பினா சண்டை வயித்துலருந்து முதுகுக்குப் போகுது. உன் அத்தையக் கூப்பிட்டுக் காட்டினேன். கரண்டியோட வந்து பாத்துட்டு, "இதுக்கு வயித்துவலி போல"னு சொல்லிட்டுப் போயிட்டா.

வெளயாட்டு இல்ல. வேணும்னா உன் அத்தையக் கேளு.

மாமன்


ஜூன் 23

மாமாவுக்கு,

உங்கள் கம்ப்யூட்டரும் அப்பாவின் கம்ப்யூட்டரும் இரட்டைப் பிள்ளைகள். உங்கள் மகனின் ஆபீஸில் ஒரே நாளில் கழித்துவிட்டதை வாங்கி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். உள்ளே இருக்கிற ஒவ்வொரு துண்டும் ஒன்றுதான். அங்கே ஒழுங்காக நிற்கிற வேலி இங்கே மட்டும் மாட்டு வயிற்றில் எப்படிப் புகும்?

அப்பாவுக்கு மறுபடி எழுதிக் கேட்டேன். "வேலி மிக அழகாக உள்ளது" என்று பதில் வந்திருக்கிறது.

எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. உங்கள் சீண்டல் எனக்குப் பிடிக்கும் மாமா, கல்யாணமாகி வந்த முதல் வாரம் நான் அழாமல் இருந்ததே அதனால்தான். ஆனால் இந்த மாதம் என்னால் முடியவில்லை. எது நிஜம், எது கேலி என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. நீங்கள் இனிமேல் பார்க்க வேண்டாம். அப்பா சொல்வதை வைத்து முடித்துக்கொள்கிறேன்.

அத்தையை மூட்டுவலி மருந்தை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள்.

மருமகள்


ஜூன் 28

தாயி,

உன் கடுதாசி வந்துச்சு. படிச்சுட்டு மடிச்சு வச்சேன். அப்புறம் எடுத்து இன்னொரு தடவ படிச்சேன். உன் அத்தை, "நல்லா வேணும், இத்தன வருஷம் நான் சொன்னா கேட்டீங்களா"னு கேட்டுட்டு, டீ மட்டும் கொஞ்சம் சர்க்கரை தூக்கலாப் போட்டுக் குடுத்தா.

உன் மேல எனக்கு வருத்தம் இல்ல. அஞ்சு காலுனு சொன்ன வாயி வேலியப் பத்தி என்ன சொன்னாலும் எடுபடாது. ஆனா ஒண்ணு. பஸ்ல கண்டக்டர சீண்டியிருக்கேன், டிப்போ மேஸ்திரிய சீண்டியிருக்கேன், பிரேக் பிடிக்குதா இல்லையாங்கறதுல மட்டும் சீண்டினதில்ல. இந்த வேலி பிரேக் மாதிரினு இப்பத்தான் புரியுது. அந்தப் பள்ளிக்கூட ஆளுங்க வந்து உக்காந்து, மாட்டு வயித்துல பலகையப் பாத்து சிரிச்சாங்கன்னா, அத நினைச்சா எனக்குச் சாப்பாடு எறங்கல.

மேனேஜர் வீட்டுப் பொட்டி என் வீட்டுப் பொட்டியோட இரட்டைங்குற. அப்ப அங்கயும் சண்டை நடந்தாகணும். நடக்கலனா என் கண்ணு போச்சுனு ஒத்துக்கறேன். நாளைக்குக் காலைல குச்சிய சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்புறேன். ஆமா, உங்கப்பா வீட்டுக்குத்தான். உன் அத்தை இஸ்திரி போட்ட சட்டைய எடுத்து வச்சிருக்கா. எதுக்குனு கேட்டா, "அடிச்சு வெரட்டினாலும் பாக்குறவங்களுக்கு மரியாதையா இருக்கணும்ல"ங்குறா.

உன் புருஷன்கிட்ட சொல்லாத. சிரிப்பான்.

மாமன்


ஜூன் 29

மருமகளே,

உங்கப்பா வீட்டு மேசையில உக்காந்து, உங்கப்பா பேனாவுல எழுதுறேன். நல்ல பேனா. போகும்போது மறந்தாப்புல எடுத்துட்டுப் போகலாம்னு இருக்கேன். உங்கம்மா நான் வந்ததுலருந்து தட்டுத் தட்டா எதையாவது கொண்டாந்து வச்சுக்கிட்டே இருக்காங்க.

நடந்ததச் சொல்றேன். கதவத் தட்டினேன். அவரே திறந்தாரு. என்னப் பாத்ததும் கதவ மூடவும் இல்ல, முழுசாத் திறக்கவும் இல்ல. பாதியில பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"வாங்க சம்பந்தி. என்ன இவ்வளவு தூரம்?"

"மாட்டப் பாக்க வந்தேன்."

"எந்த மாட்ட?"

"உங்க பொண்ணு வரைஞ்ச மாட்ட."

"அதான் நான் பாத்து எழுதிட்டனே, எல்லாம் சரினு."

"அதான் நானும் பாக்க வந்தேன்."

உள்ள விட்டாரு. கம்ப்யூட்டர் மேல ஒரு பூப்போட்ட துணி, மடிப்புக் கலையாம. அவரே எடுத்து மடிச்சு வச்சுட்டுப் பொட்டியப் போட்டாரு. அது முழிச்சு எந்திரிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் நாற்காலியில உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டே இருந்தோம். மாடு வந்துச்சு. வேலி வந்துச்சு. வயித்துல பட்டை பட்டையா அதே மினுக்கு. என் வீட்டுல இருக்கிற மாதிரியே, அச்சு அசல்.

"சம்பந்தி, இது என்ன?"

"எது?"

"வேலி."

"வேலி."

"வேலிங்கறது எனக்கும் தெரியுது. அது எதுக்கு மாட்டுக்குள்ள போயிட்டுப் போயிட்டு வருது?"

அவர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சாரு. "என் பொண்ணு அப்படி வச்சிருக்கான்னா ஏதாவது காரணம் இருக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பேங்க்ல ஒருத்தன் கணக்கு இன்னொருத்தன் கணக்குக்குள்ள போயிட்டுப் போயிட்டு வந்தா, காரணம் இருக்கும்னு விட்டுருவீங்களா?"

கண்ணாடிய மறுபடி மாட்டிக்கிட்டாரு. அப்புறம் மெதுவா, "எழுதலாம்னுதான் இருந்தேன். மூணு காகிதம் எழுதிக் கிழிச்சேன். கஷ்டப்பட்டு செஞ்சிருக்கா. குறைனு எழுத கை வர மாட்டேங்குது சம்பந்தி"னாரு.

எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அடக்கிப் பாத்தேன், முடியல. இல்லாத காலச் சொல்லி நான் உன்ன அலைய விட்டேன். இருக்கிற வேலிய மறைச்சு அவர் உன்ன அலைய விட்டாரு. நல்ல ஆளுங்களாப் பாத்துத்தான் பிடிச்சிருக்க. அவரும் கொஞ்ச நேரம் முறைச்சுட்டு, அப்புறம் தோள் குலுங்கக் குலுங்க சிரிச்சாரு. அந்த மனுசனுக்குப் பல்லு வரிசையா இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியும்.

அப்புறம் சண்டை வந்துச்சு. அவருக்கு மாட்டப் பக்கத்துல பாக்கணும், கூட்டல அழுத்துறாரு. எனக்கு வேலி முழுசாத் தெரியணும், கழித்தல அழுத்துறேன். அவர் ஒண்ணு, நான் ஒண்ணு. மாடு வருது, போகுது, வருது, போகுது. உங்கம்மா வந்து, "ரெண்டு பேரும் சேந்து அந்தப் பொத்தானப் பேத்துருங்க"னாங்க. அப்பத்தான் பாத்தோம். மாடு கிட்ட வந்தா மினுக்கு இல்ல. வேலி ஒழுங்கா பின்னால போயி நிக்குது. தள்ளிப் போகப் போகத்தான் சண்டை ஜாஸ்தியாகுது. அஞ்சாறு தடவ செஞ்சு பாத்தோம். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

இது உனக்கு உதவுமா உதவாதானு எங்களுக்குத் தெரியாது. பாத்தத எழுதுறோம். நம்ப மாட்டேன்னு தெரிஞ்சுதான் கீழ உங்கப்பா கையெழுத்து.

மாமன்

(மேற்கண்டவை உண்மை. வேலி சரியாக இல்லை. மன்னிக்கவும். — அப்பா)


ஜூலை 8

அன்புள்ள மாமாவுக்கும் அப்பாவுக்கும்,

இரண்டு வீட்டுக்கும் ஒரே கடிதத்தைப் படியெடுத்து அனுப்புகிறேன்.

முதலில் மன்னிப்பு. மாமா, நீங்கள் சொன்னது நிஜம். நம்பாதது என் தப்பு. உங்கள் மகன் உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "எங்கப்பா உங்கப்பா வீட்டுலயா, இது நிஜமா" என்று கேட்டு, உட்கார்ந்து மறுபடியும் படித்தார். அவரும் நம்பவில்லை.

"தள்ளிப் போகப் போகச் சண்டை" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் தோழியும் நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டோம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளிக்கும் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒரு எண் போட்டு வைத்துக்கொள்ளும். எண் சின்னதாக இருப்பது முன்னால் நிற்கும். புதுக் கம்ப்யூட்டரில் அந்த எண்கள் ஏராளம். உங்களுடையதில் கொஞ்சம்தான். நானோ மூக்கு நுனியிலிருந்து வானத்தின் கடைசி வரைக்கும் பார் என்று சொல்லி வைத்திருந்தேன். இருந்த எண்ணில் பெரும்பங்கு மூக்கு நுனிக்கே செலவாகிவிட்டது. தூரத்தில் நிற்கும் மாட்டுக்கும் வேலிக்கும் சேர்த்து ஒரே எண்தான் மிஞ்சியது. அப்புறம் யார் முன்னால் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண் போதவில்லை என்று லைப்ரரி ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை கொடுத்திருக்கும். திரையில் சிவப்பு எழுத்தில் வந்திருக்கும். உங்கள் இருவருக்கும் அனுப்பிய குச்சியில் மட்டும் அந்த எச்சரிக்கையை நான் நிறுத்திவிட்டேன். சிவப்பைப் பார்த்துப் பயந்துவிடுவீர்கள், ஏதோ கெடுத்துவிட்டோம் என்று நினைப்பீர்கள் என்று. ஆக மூன்று பேருமே ஒருவருக்கொருவர் நல்லது செய்திருக்கிறோம்.

பார்க்கிற தூரத்தை மூக்கு நுனியை விட்டுத் தள்ளித் தொடங்கும்படி சுருக்கிவிட்டேன். புதுக் குச்சி இத்துடன். எச்சரிக்கையையும் திறந்துவிட்டிருக்கிறேன். தயவுசெய்து சேர்ந்தே பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் நான் நம்பமாட்டேன்.

அன்புடன்,
மகளும் மருமகளும்


ஜூலை 14

தாயி,

இந்தத் தடவ உங்கப்பா எங்க வீட்டுக்கு வந்தாரு. உன் அத்தை ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டா, காவலுக்கு.

முதல்ல சிவப்பு எழுத்து ஒண்ணு வந்துச்சு. உங்கப்பா படிச்சாரு. எண்ணு பத்தாது, இருக்கிறத வச்சு ஓட்டுறேன்னு சொல்லுதாம். யோக்கியமான பொட்டி. எங்க டிப்போவுல ஒரு வண்டிகூட இப்படி வாயத் திறந்து சொன்னதில்ல.

மாடு முன்னால. வேலி பின்னால. கூட்டல், கழித்தல், அம்பு, எல்லாம் அழுத்தியாச்சு. மாட்ட எறும்பு மாதிரி ஆகுற வரைக்கும் தள்ளிப் பாத்தோம், வேலி அசையல. உங்கப்பா குறை தேடுறதுல இப்ப என்ன மிஞ்சிட்டாரு. மாட்டுக் கொம்புல நிழல் சரியில்லங்குறாரு. நான்தான், "விடுங்க சம்பந்தி, புள்ள கஷ்டப்பட்டு செஞ்சிருக்கா"னு அடக்கி வச்சிருக்கேன்.

தைரியமாக் காட்டு. கால் நாலுதான், எண்ணிட்டேன்.

மாமன்


ஆகஸ்ட் 1

மாமாவுக்கும் அப்பாவுக்கும்,

எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும்.

குழுவின் தலைவி உங்களுடையதைவிடப் பழைய ஒரு கம்ப்யூட்டரை இரண்டு பேரை விட்டுத் தூக்கி வந்திருந்தார். சிவப்பு எழுத்து வந்தது. அதைப் படித்துவிட்டு, "இதைச் சொல்லிவிட்டு வேலை செய்கிற முதல் மென்பொருளை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். மாட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வேலி நின்ற இடத்தில் நின்றது. யார் சோதித்தது என்று கேட்டார். ஒரு ஓட்டுநரும் ஒரு மேனேஜரும் என்றேன். பெரிய கம்பெனி போலிருக்கிறது என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் இருவரும் பதினைந்து நாள் லீவில் வருகிறோம். அதற்குமுன் இந்தக் குச்சியில் இருப்பதைப் பாருங்கள். மாடு இல்லை. நம் கல்யாண போட்டோதான், நானே புதிதாக வரைந்தது. உங்கள் இருவரையும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் நிறுத்தியிருக்கிறேன். மயிரிழைகூட வித்தியாசம் கிடையாது. யார் முன்னால் என்று எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது. எவ்வளவு புதுசாக இருந்தாலும் சரி. இது கோளாறு இல்லை மாமா. வேண்டுமென்றே செய்தது. சீண்டல் உங்களிடம் கற்றதுதான்.

மருமகள்


ஆகஸ்ட் 6

எமகாதகப் பொண்ணே,

பாத்தோம். நாங்க மூணு மணி நேரமா இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கல. என் மூஞ்சியில அவர் மீசை முளைக்குது. அவர் கோட்டுப் பையில என் துண்டு தொங்குது. ஒரு நொடி நான் மேனேஜர், மறு நொடி அவர் டிரைவர். உங்கம்மாவும் உன் அத்தையும் எங்களப் பாத்து சிரிக்கிறாங்களா, படத்தப் பாத்து சிரிக்கிறாங்களானு தெரியல. அழுத்தி அழுத்தி கூட்டல் பொத்தான் நிஜமாவே பேந்து போச்சு. வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா.

பழக்கத்த விடக்கூடாதுல்ல. உன் மூணு கேள்விக்கும் பதில் இந்தா.

என்ன செஞ்சீங்க? சம்பந்தி பக்கத்துல உக்காந்தேன்.
என்ன எதிர்பார்த்தீங்க? நான் முன்னால நிப்பேன்னு.
என்ன பாத்தீங்க? எங்களுக்கு முன்னால உங்க ரெண்டு பேரையும். முழுசா, மாலையோட, சிரிச்சுக்கிட்டு.

எல்லாம் சரி. மிக அருமை.

மாமன்

(ஒரு கோளாறு உள்ளது. சம்பந்தியின் தலையில் இவ்வளவு முடி கிடையாது. வந்தவுடன் சரிசெய்யவும். — அப்பா)